ஜெலட்டின் இல்லை என்று சொன்ன நாள்

1. முதலாளி கொண்டுவந்த கப்

ஒரு திங்கட்கிழமை காலை முதலாளி என் மேசையில் ஒரு கப்பை வைத்தார். கொழும்பில் வாங்கி, ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பஸ்ஸில் கைப்பிள்ளையை வைத்திருப்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நீலமும் வெள்ளையுமான மூடி. ஆங்கிலத்தில் 'கிரீக் யோகட்' என்று எழுதியிருந்தது.

"மங்கையக்கா, சாப்பிட்டுப் பாருங்க."

சாப்பிட்டேன். புளித்தது. இனிப்பு மருந்துக்கும் இல்லை. நாக்கில் பட்டர் மாதிரி ஒட்டிக்கொண்டு, போக மனமில்லாமல் போனது.

"சீனி போட மறந்துபோனாங்க போல," என்றேன்.

"பகிடி விடாதீங்க. உப்புவெளி ஹோட்டல்காரர் எல்லாரும் இதைத்தான் கேக்கிறாங்க. வெள்ளைக்காரர் காலமையில பழத்தோட இதைத் தின்னுறாங்களாம். கொழும்பில இருந்து வந்து சேரக்குள்ள பாதி பழுதாப் போகுது. நாங்க இங்கயே செய்தா என்ன?"

"செய்யலாம்," என்றேன். எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்கிற பழக்கமும் அப்போது என்னிடம் இருக்கவில்லை.

திருகோணமலை டவுனிலிருந்து சீனன்குடாவுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு சின்ன யோகட் தொழிற்சாலை அது. பெயர் வேண்டாம். கப் கழுவுகிறவளாகச் சேர்ந்து, புரொடக்சன் சூப்பர்வைசராக வெளியே வந்தவள் நான். இடையில் இருபத்திரண்டு வருடம். என்னைப் பற்றி அங்கே வேலை செய்த யாரிடமும் விசாரித்தால் முதலில் என் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். "மங்கையக்கா வாயைத் திறந்தா கூல் றூமும் சூடாயிடும்" என்று வான் டிரைவர் சொல்வார். பால் கொண்டுவருபவர் தண்ணீர் கலந்தால் பத்துப் பேர் பார்க்கக் கேட்பேன். முதலாளியையும் கேட்பேன். அது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நாங்கள் அதுவரை செய்தது சாதாரண செட் யோகட். யோகட் செய்யப் பழக வருகிறவர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலைக் காய்ச்சி, பால்மாவும் சீனியும் ஜெலட்டினும் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, கல்ச்சர் என்கிற உறையைச் சேர்த்து, சின்னக் கப்புகளில் ஊற்றி, சூட்டு அறையில் நாலைந்து மணித்தியாலம் வைக்க வேண்டும். கப்புக்குள்ளேயே உறையும். உறைந்ததைக் கூல் றூமில் தள்ளினால் வேலை முடிந்தது. ஜெலட்டின் எதற்கு என்றால், கப்பை டெலிவரி வானில் குலுக்கிக்கொண்டு போனாலும் உடையாமல் இருப்பதற்கு.

ஆக, கிரீக் என்றால் இன்னும் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் தயிருக்கு இருப்பது ஒரே ஒரு பரீட்சை. சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் விழக்கூடாது. கிளிவெட்டியிலிருந்து வரும் எருமைத் தயிரை அப்படிக் கவிழ்த்துக் காட்டித்தான் விற்பார்கள். நானும் பால்மாவைக் கூட்டி, ஜெலட்டினைக் கூட்டி, சீனியை விட்டுவிட்டு ஒரு பாச், ஒரு தடவைக்கு உறைய வைக்கிற அளவு, போட்டேன். கப்பைக் கவிழ்த்தேன். அசையவில்லை.

"பாருங்க முதலாளி!"

அவர் கரண்டியால் ஒரு துண்டு எடுத்தார். எடுத்த இடம் கத்தியால் வெட்டிய மாதிரி நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குழிக்குள் தண்ணீர் ஊறியது. கொழும்புக் கப்பில் எடுத்த இடம் மெதுவாக மடிந்து கிடந்தது, தண்ணீர் இல்லை. முதலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

2. பரீதாவின் துணி

பரீதா எங்களிடம் பால் எடுக்கிற பகுதியில் வேலை செய்தாள். கிண்ணியாக்காரி, என்னைவிட இருபது வயது இளையவள். பால் கான் திறந்ததும் மூக்கை வைத்தே நேற்றைய பாலா இன்றைய பாலா என்று சொல்லிவிடுவாள். அதிகம் கதைக்கமாட்டாள். எட்டு வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்துவிட்டு, வயதான தாயைப் பார்க்க ஆளில்லை என்று திரும்பி வந்தவள்.

நான் மூன்றாவது பாச்சையும் பழுதாக்கிவிட்டு நிற்கும்போது கிட்ட வந்து நின்றாள்.

"அக்கா, கோவிக்காதீங்க. இது வடிக்கிற சாமான்."

"எதை வடிக்கிறது?"

"யோகட்டத்தான். ஒண்டும் போடாம உறைய வைக்கணும். மறுகா துணியில கட்டித் தொங்க விடணும். தண்ணி எல்லாம் போயிரும். நான் இருந்த வீட்டு மேடம் ஒவ்வொரு நாளும் செய்விப்பா. அவங்க இன்னும் கூட வடிச்சு லப்னா எண்டு சொல்லுவாங்க."

"தண்ணியை விட்டா மிச்சம் என்ன இருக்கும்?"

"மிச்சம் இருக்கிறதுதான் அக்கா இது."

எனக்குச் சுருக்கென்றது. ட்ரெயினிங் சேர்ட்டிபிக்கட் வைத்திருப்பவள் நான். கான் கழுவுகிறவள் எனக்குச் சொல்லித் தருகிறாள். "அப்ப செய்து காட்டு பாப்பம்," என்றேன், கொஞ்சம் நக்கலாகவே.

செய்து காட்டினாள். பசுப்பால் எட்டு லீற்றர், கல்ச்சர், வேறு எதுவுமில்லை. உறைந்ததும் வெள்ளைத் துணியை வெந்நீரில் அவித்துப் பிழிந்து, யோகட்டை அதில் அள்ளி மூட்டையாகக் கட்டி, கூல் றூம் கம்பியில் தொங்கவிட்டாள். கீழே வாளி. இளம் பச்சை கலந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. வே என்று நாங்கள் சொல்வது அதைத்தான். மறுநாள் காலை துணியை அவிழ்த்தால் எட்டு லீற்றர் பால் இரண்டரைக் கிலோவாக நின்றது. கரண்டியால் கோதினால் மடிந்தது. தண்ணீர் ஊறவில்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். சாதாரண யோகட்டில் பாலில் இருந்த தண்ணீர் அப்படியே இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தத்தான் ஜெலட்டின். கிரீக் யோகட்டில் தண்ணீர் போய்விடுகிறது, அதனால் பிடித்து நிறுத்த எதுவும் தேவையில்லை. புரதம் கூடும், பாலின் இனிப்புக் கொஞ்சம் வேயோடு போய்விடும், புளிப்பு முன்னுக்கு வரும். சூடான கறியில் ஒரு கரண்டி போட்டாலும் சாதாரண யோகட் மாதிரிச் சட்டென்று திரைந்து போகாது. இதை எனக்கு எந்த ட்ரெயினிங்கும் சொல்லித் தரவில்லை. பரீதாவின் துணி சொல்லித் தந்தது.

முதலாளி ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டுச் சிரித்தார். "பரீதா, இனி கான் கழுவ வேண்டாம். இது உங்கட செக்‌ஷன்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மனம் தட்டவில்லை. அந்தப் பொறாமையை நான் இப்போது மறைக்கப் போவதில்லை. பிறகு நடந்ததற்கு அது காரணமில்லை என்று பலகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பங்கு அதற்கும் உண்டு.

3. வியாழக்கிழமைக் கப்

வியாழக்கிழமைகளில் வேலையாட்களுக்கு ஆளுக்கு இரண்டு கப் வீட்டுக்குக் கொடுப்பது வழக்கம். பரீதா செட் யோகட்டைத் தொடமாட்டாள். அவளுடைய பங்கு என் பைக்குள்தான் ஏறும்.

காரணம் ஜெலட்டின். எங்கள் ஜெலட்டின் டவுன் மொத்தக் கடையில் பிரித்துக் கட்டிய பொலித்தீன் பையில் வரும். எந்த மிருகத்திலிருந்து எடுத்தது, யார் செய்தது என்று அதில் ஓர் எழுத்தும் இருக்காது. பரீதா ஒருநாள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

"ஹராமா ஹலாலா எண்டு தெரியா அக்கா. தெரியாததத் திண்டு என்னத்துக்கு? விட்டுட்டாப் போச்சு."

வடித்த யோகட் வந்த பிறகு அவளுக்கு அந்தக் கவலை போனது. பெரிய கப்புக்கு லேபல் அடிக்கும்போது 'ஜெலட்டின் சேர்க்கப்படவில்லை' என்று போடச் சொன்னதும் அவள்தான். ஹோட்டல்காரருக்கும் அது பிடித்துவிட்டது. இறைச்சி வகை எதுவும் சேர்க்காத வெள்ளைக்காரர் நிறையப் பேர் வருகிறார்களாம்.

"இனி உங்களுக்கு நட்டம் அக்கா," என்று சிரித்துக்கொண்டே தன்னுடைய இரண்டு பெரிய கப்பைப் பையில் வைப்பாள். "உம்மாக்குப் பல்லு இல்ல. சோறு இறங்குதில்ல. இது எண்டா ஒரு கரண்டி, ரெண்டு கரண்டி எடுக்கிறா. நோன்பு திறக்கக்குள்ளயும் பேரீச்சம்பழத்தோட இதைத்தான் கேக்கிறா."

எழுபத்தைந்து வயதுக்கு மேலாகியும் அந்தத் தாய் நோன்பை விடமாட்டேன் என்று நின்றவர். வீட்டில் அவருக்கு இறங்கிய ஒரே சாப்பாடு எங்கள் கூல் றூமிலிருந்து போனது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

4. இரட்டிப்பான ஓடர்

அந்த வருடம் நோன்பு மாதமும் ஹோட்டல் சீசன் தொடக்கமும் ஒன்றாக வந்தன. உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் கடற்கரையில் பந்தல் போட்டுக் கலியாணச் சாப்பாடு. மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரர். அறுபது பெரிய கப் கேட்டார்கள். பரீதா செவ்வாய்க்கிழமையே உறைய வைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, புதன்கிழமை காலை கப்பில் நிரப்பி முடித்துவிட்டாள். நோன்பு மாதம் என்பதால் இரண்டு மணிக்கு அவளுக்கு வேலை முடியும். பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இரண்டரை மணிக்கு முதலாளி ஓடி வந்தார்.

"அக்கா, அறுபது இல்ல, நூற்றிருபது வேணுமாம். நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு வான் வெளிக்கிட வேணும்."

"ஏலாது. வடியவே ஒரு ராத்திரி வேணும். அதுக்கு முதல் உறையவும் வேணும். பாலும் காணாது."

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"என்னட்டக் கேட்டுட்டா சொன்னனீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கூல் றூம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீங்க முதல்ல போட்ட பாச் இருக்குத்தானே. பால்மா கூட்டி, ஜெலட்டின் கூட்டி. சட்டி கவிழ்த்தா விழாதெண்டு காட்டினீங்களே. ஒருநாள் மட்டும். எப்பிடியும் உள்ளியும் வெள்ளரிக்காயும் போட்டுக் கலக்கப் போறாங்க. ஆர் கண்டா?"

"லேபல்ல என்ன போட்டிருக்கெண்டு தெரியுமோ?"

"இந்த ஹோட்டல் போனா மற்ற ஹோட்டலும் போகும் அக்கா. பிறகு பரீதாவுக்கும் வேலை இல்ல, உங்களுக்கும் இல்ல."

பரீதாவின் பெயரை அவர் இழுத்தது எனக்கு வசதியாகப் போய்விட்டது. அவளுக்காகத்தானே செய்கிறேன் என்று ஒரு சாட்டுக் கிடைத்தது. அதோடு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், 'நீங்க போட்ட பாச்' என்ற சொல்லும் என்னை இழுத்தது. ஒருநாளாவது என் பாச்சும் அந்தப் பெரிய கப்புக்குள் போகட்டுமே என்று இருந்தது.

ராத்திரி பத்து மணி போல அறுபது கப்பும் உறைந்து, கூல் றூமில் இறுகிவிட்டன. ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். விழவில்லை. பரீதாவின் கப்பைவிட இறுக்கமாகக்கூட நின்றது. என்னுடையதைப் பிரித்தறிய அடியில் பேனாவால் ஒரு புள்ளி வைக்கலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம். ஆரும் கண்டா ஏன் எண்டு கேப்பாங்க," என்றார் முதலாளி.

வடித்த கப்புகள் பெட்டிகளில் உள்பக்கம் இருந்தன. என்னுடையவற்றை முன் ராக்கையில் அடுக்கினேன். அறுபதுக்கு மேல் நாலு கப் கூடுதலாக வந்திருந்தது. அதையும் அங்கேயே வைத்தேன்.

5. கடற்கரையில் உருகியது

வியாழக்கிழமை காலை பரீதா வேலைக்கு வர முதலே நூற்றிருபது கப்பும் வானில் போயின, ஓடர் இரட்டித்தது அவளுக்குத் தெரியாது. முன் ராக்கையில் நாலு மிஞ்சின. வேலை முடியும் நேரம் நெருங்க, பரீதா தான் வடித்ததில் மிஞ்சியது என்று நினைத்து, அதில் இரண்டை எடுத்துத் துணியால் துடைத்து, தன் பையில் வைத்தாள். நான் பக்கத்தில் லொக் புத்தகம் எழுதிக்கொண்டு நின்றேன். எழுதிக்கொண்டே இருந்தேன்.

அது வியாழக்கிழமை என்பதே முதல்நாள் எனக்கு நினைவு வரவில்லை. இப்போது வந்தது. 'அதை வை, உள்ளுக்குள்ள இருக்கிறதுல எடு' என்று சொல்லலாம் என்றால் உள்ளுக்குள் ஒன்றும் மிச்சமில்லை. ஏன் என்று கேட்பாள். என்ன சாட்டுச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஹோட்டல் ஜீப் உள்ளே வந்தது.

செஃப் இறங்கினார். மலைநாட்டுக்காரர், பல வருடம் வெளிநாட்டுக் கப்பலில் சமைத்தவர், மரியாதையாகக் கதைக்கிற ஆள். அன்று முகம் சிவந்து போயிருந்தது. கையில் ஒரு பாத்திரம், ஒரு திறக்காத கப்.

"என்னங்க இது? பந்தலுக்குள்ள கொண்டுபோய் வச்சு அரை மணி நேரம் ஆகல. பாதிப் பாத்திரம் மோராப் போச்சு. பொண்ணோட அப்பா என் முன்னாலேயே கரண்டில எடுத்து ஊத்திக் காட்டுறாரு. பாதி நல்லா இருக்கு, பாதி தண்ணி. எப்படி?"

எப்படி என்று எனக்குத் தெரியும். வடித்த யோகட் வெயிலில் புளிக்கும், உருகாது. ஜெலட்டின் கூல் றூமில்தான் வீரம் காட்டும். உப்புவெளி மணலில், பங்குனிச் சித்திரை வெயிலில், அது தண்ணீர்தான். சட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிற எங்கள் பரீட்சை நிழலில் வைத்துச் செய்கிற பரீட்சை. இத்தனை வருட வேலையில் அது என் மண்டைக்கு ஏறவில்லை.

முதலாளி வெளியே வந்தார். "வடிச்சது காணாமப் போயிருக்கும் செஃப். நோன்பு காலம், ஆக்கள் களைப்பு. பரீதா, நீங்கதானே வடிச்சது?"

"ஓம், நான்தான்," என்றாள் பரீதா. பிறகு பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். விரலால் தொட்டுத் தேய்த்தாள். நோன்பு என்பதால் வாயில் வைக்கவில்லை. "ஆனா இது வடிச்சது மாதிரி இல்லயே. வடிச்சது இப்பிடி உருகாது. இதுக்குள்ள ஏதோ கிடக்கு."

செஃப் நிமிர்ந்தார். "நானும் அதான் கேக்குறேன். ஜெலட்டின் கிலட்டின் போட்டீங்களா? லேபல்ல இல்லன்னு போட்டிருக்கு. அங்க நான் இல்லன்னு சொல்லிப் பரிமாறியிருக்கேன்."

முதலாளி சிரித்தார். "எங்கட இடத்தில அப்பிடி நடக்காது. வேணுமெண்டா சூப்பர்வைசரக் கேளுங்க. மங்கையக்கா, நேற்று இதுக்குள்ள ஏதும் போட்டனீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பரீதாவும் பார்த்தாள். அவள் பார்வையில் சந்தேகம் இருக்கவில்லை. பால் கான் மூடியைத் திறந்துவிட்டு, "இது எப்படி அக்கா?" என்று கேட்பாளே, அதே பார்வை.

"இல்ல," என்றேன்.

கூல் றூமைச் சூடாக்குகிற வாய். ஊரில் உள்ள அநியாயத்தையெல்லாம் கேட்கிற வாய். அன்று அதிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான்.

பரீதா விரலில் இருந்ததைத் துணியில் துடைத்தாள். பிறகு, "அக்கா இல்லையெண்டா இல்லதான்," என்றாள். "அப்ப என்ட பிழையாத்தான் இருக்கும். துணி சரியாப் பிழியலயோ என்னமோ. செஃப், மன்னிச்சுக்கொள்ளுங்க."

செஃப் தலையை ஆட்டினார். முழுதாக நம்பவில்லை. ஆனாலும் ஆள் அகப்பட்டாயிற்று. அவர் ஹோட்டலுக்குப் போய்ச் சொல்ல ஒரு பதில் வேண்டும், முதலாளிக்கு ஹோட்டல் வேண்டும். ஜீப் வெளியேற முன்பே முதலாளி அவர் காதில் விழும்படி சொன்னார். "பரீதா, நீங்க நாளையில இருந்து வர வேண்டாம்."

நோன்பு பிடித்து, தொண்டை காய்ந்து நின்ற பிள்ளை. "சரி" என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்து என் கையில் தந்தாள். பையை எடுத்தாள். பையை எடுத்தவள் ஒரு நொடி நின்று, உள்ளே இருந்த கப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இதைக் கொண்டு போகலாம்தானே? உம்மாக்கு."

"கொண்டு போ," என்றேன்.

கேற்றுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றாள். பஸ் வரக் கால்மணித்தியாலம் பிடித்தது. பத்தடி தூரம். நான் ஏப்ரனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குள் நின்றேன். பஸ் வந்தது. ஏறினாள். நான் போய்த் துணிகளை அவித்தேன்.

6. கிண்ணியாவுக்குப் போனது

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் வடிக்கிற வேலையை முதலாளி எனக்குத் தந்தார். அடுத்த கிழமை என்று நினைத்தேன். பெருநாள் முடியட்டும் என்று நினைத்தேன். நாள் போகப் போகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே வந்தது. வேறொரு பால் சேகரிப்பு நிலையத்தில் அவள் வேலை கேட்டாளாம். அங்கிருந்து எங்கள் முதலாளியிடம் விசாரித்தார்கள். "ஆள் நல்ல பிள்ளை, வேலைதான் கவனமில்ல" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றும் நான் எழும்பிப் போய் ஒன்றும் கேட்கவில்லை. பாலை மூக்கால் கண்டுபிடிக்கிறவளுக்கு அதற்குப் பிறகு பால் வேலையே கிடைக்கவில்லை.

வருடங்கள் போயின. தொழிற்சாலையும் மூடப்பட்டது. நான் வீட்டோடு இருக்கத் தொடங்கினேன். வேலை இருந்தவரை நினைவை எங்காவது தள்ளி வைக்க இடமிருந்தது. வீட்டில் இடமில்லை. சாப்பாட்டில் தயிர் போடும் ஒவ்வொரு முறையும் அவள் முகம் வரும். போன வருடம் ஒரு காலை, இனி ஏலாது என்று எழும்பிக் கிண்ணியா பஸ் ஏறினேன்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு சமைக்கிற வேலை செய்கிறாள். அப்போதுதான் வந்திருந்தாள். கையில் மஞ்சள் கறை.

"அக்கா! வாங்க, இரிங்க. என்ன இந்த வெயிலுக்குள்ள?" கதிரையைத் துடைத்துப் போட்டாள். குசினிக்குள் ஓடித் தேத்தண்ணி ஊற்றி வந்தாள். என் முழங்கால் நோ, என் மகனின் வேலை எல்லாம் விசாரித்தாள். நான் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"பரீதா, அண்டைக்கு நீ வடிச்சது பிழையில்ல. நான்தான் ஜெலட்டின் போட்டனான். முதலாளி சொல்லித்தான், ஆனா போட்டது நான். எல்லாருக்கும் முன்னால இல்ல எண்டு சொன்னதும் நான்."

அவள் அதிர்ச்சி அடைவாள், கத்துவாள், வெளியே போ என்பாள் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தயார்பண்ணிக்கொண்டு வந்தேன். அவள் முந்தானை நுனியால் கையைத் துடைத்தாள்.

"எனக்கும் பிறகு அப்பிடி யோசினை வந்ததுதான். போகட்டும் அக்கா. வேலைதானே. அல்லாஹ் வேற வழி காட்டினான். நீங்க இதுக்காக இவ்வளவு தூரம் வந்தீங்களா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் மன்னித்துவிட்டாள், தேத்தண்ணி நன்றாக இருந்தது, திரும்பி வந்திருக்கலாம். ஆனால் நான் வந்தது அதற்கு மட்டுமில்லை.

"நீ கொண்டுவந்த ரெண்டு கப்பும் பரீதா. அதுவும் நான் போட்டதுதான். பெயரில்லாத பையில வாற ஜெலட்டின். நீ எடுக்கக்குள்ள நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவள் கை நின்றது. முகத்தில் இருந்த உபசாரம் எல்லாம் மெதுவாகப் போனது. சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"அண்டைக்கு நோன்பு திறக்கக்குள்ள உம்மா கேட்டா," என்றாள். "'மகள், இதுக்குள்ள ஒண்டும் இல்லையே' எண்டு. யோகட்டுக்குள்ள ஏதோ கிடந்து பிரச்சினையாகி வேலை போனதெண்டு சொன்னனான்தானே, அதால உம்மாக்கு ஒரு பயம். நான் சொன்னன், 'இல்ல உம்மா, அக்காட்டக் கேட்டுட்டுத்தான் கொண்டந்தன்' எண்டு. பிஸ்மி சொல்லித் திண்டா. நல்லா இருக்கு எண்டு சொன்னா."

"உம்மா எங்க?"

"அடுத்த நோன்புக்கு இருக்கல்ல."

அழுதேன். அவள் என்னை அழவேண்டாம் என்று சொல்லவில்லை.

"உம்மாக்குக் குற்றமில்ல அக்கா," என்றாள் கடைசியில். குரலில் கோபம் இல்லை. கணக்குப் பார்த்துச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். "அவ தெரியாமத் திண்டவ. நானும் தெரியாமத்தான் குடுத்தன். தெரியாமச் செய்யுறதுக்குக் கேள்வி இல்ல."

தெரிந்து செய்தவளாக அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். அவள் தெருமுனை வரை வந்து பஸ் ஏற்றிவிட்டாள். வந்தவரை அனுப்பும்போது வழக்கமாகச் சொல்வதுபோல் 'மறுகா வாங்க' என்று சொல்லவில்லை.

இதை வாசிக்கிற பிள்ளைகளில் யாராவது நாளைக்கு யோகட் போடுவீர்கள், பாண் சுடுவீர்கள், மருந்து கட்டிக் கொடுப்பீர்கள். கல்ச்சர் எவ்வளவு, சூடு எவ்வளவு என்பதையெல்லாம் எங்கேயும் படிக்கலாம். நான் பிந்திப் படித்தது ஒன்றுதான். இதற்குள் என்ன போட்டாய் என்று உங்களிடம் ஒருநாள் கேட்பார்கள். கேட்கிற குரல் முதலாளியுடையதாக இருக்கலாம். ஆனால் கேள்வி அதைச் சாப்பிடப் போகிறவருடையது. பதில் சொல்ல முதல் அந்த ஆளின் முகத்தைப் பாருங்கள். பரீதா எனக்கு எதிரில்தான் நின்றாள். இல்லை என்று சொல்லும்போது நான் பார்த்தது முதலாளியின் முகத்தை.